ஸ்கானருக்குத் தெரிந்தது இலக்கம் மட்டும்: வன்னிக் கடைக்காரருக்குச் சில பார்கோட் குறிப்புகள்

பார்கோட் ஸ்கானர் புதிதாக வாங்கி வைத்த கடைகளில் முதல் மாதம் வருகிற முறைப்பாடு அநேகமாக ஒன்றுதான்: "பீப் எண்டு சத்தம் வருது, ஆனா பில்லிலை சாமான் விழேல்லை." உடனே கருவி பழுது என்று விற்றவருக்கு அழைப்புப் போகும். உண்மையில் பீப் கேட்டுவிட்டால் கருவி தன் பங்கை முடித்துவிட்டது. கோடுகளைப் பார்த்து இலக்கமாக்கிக் கணினிக்குக் கொடுப்பதோடு அதன் பொறுப்புத் தீர்ந்தது. சாமானின் பெயர், விலை, காலாவதித் திகதி எதுவும் அந்தக் கோடுகளுக்குள் இல்லை. அவையெல்லாம் கடைக் கணினியில் யாரோ ஒருவர் உட்கார்ந்து பதிந்த பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் இலக்கம் இல்லையென்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்கானரும் பீப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும்.

ஏ9 வீதியோரப் பெரிய கடைகளில் தொடங்கி இப்போது விசுவமடு, மல்லாவி, ஒட்டுசுட்டான் பக்கத்துப் பலசரக்குக் கடைகள் வரை ஸ்கானர் வந்துவிட்டது. கருவியைப் பற்றிச் சொல்லித்தர ஆள் உண்டு. லேபலையும் விலைப் பட்டியலையும் பற்றிச் சொல்லித்தர ஆள் குறைவு. சிக்கலில் பெரும்பங்கு அங்கேதான் கிடக்கிறது.

முதலில் உள்ளே நடப்பதைப் பார்ப்போம். லேசர் ஸ்கானரில் 650 நானோமீற்றர் அளவிலான சிவப்பு ஒளி ஒன்று இருக்கிறது. குட்டிக் கண்ணாடி ஒன்று இடமும் வலமும் ஆடி அந்தப் புள்ளியைக் கோடாக இழுக்கிறது. கைக் கருவிகளில் நொடிக்கு நூறு தடவை அளவில். வெள்ளை இடத்தில் பட்ட ஒளி திரும்பி வரும், கறுப்பில் பட்டது வராது. திரும்பி வருவதன் ஏற்ற இறக்கத்தை உள்ளிருக்கும் ஒளியுணரி மின் சைகையாக்குகிறது. எந்தப் பட்டை எத்தனை மில்லிமீற்றர் என்று கருவி அளப்பதில்லை. ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு, இது அதைப்போல் இரு மடங்கு, அது மும்மடங்கு என்று விகிதம் பார்க்கிறது. அதனால்தான் கிட்டப் பிடித்தாலும் சற்றுத் தள்ளிப் பிடித்தாலும் ஒரே இலக்கம் வருகிறது.

ஒளி சிவப்பு என்பதை மறக்கக்கூடாது. வெள்ளைத் தாளில் சிவப்பு மையால் அச்சடித்த கோடு அந்த ஒளிக்கு வெள்ளையாகவே தெரியும். கருவி எதையும் காணாது. செம்மஞ்சளும் அப்படியே. மிளகாய்த்தூள் பக்கெற்றை அழகாகச் சிவப்பில் வடிவமைத்து, கோடுகளையும் அதே நிறத்தில் போட்டு ஆயிரக்கணக்கில் அடித்துவிட்டுத் தலையில் கை வைப்பவர்கள் உண்டு. கறுப்பு, கடும் நீலம், கடும் பச்சை பாதுகாப்பான நிறங்கள். அச்சுக்குக் கொடுக்குமுன் மாதிரியைச் சிவப்புக் கண்ணாடிக் கடதாசியூடாகப் பாருங்கள். கண்ணுக்குக் கோடு மறைந்தால் ஸ்கானருக்கும் மறையும். வெள்ளை விளக்கு வைத்த புதிய கருவிகள் சில தப்பிக்கொள்ளும், ஆனால் உங்கள் பொருளை வாங்கி விற்கும் கடையில் எந்தக் கருவி இருக்கும் என்று நீங்கள் தீர்மானிக்க முடியாது.

வெயிலும் ஒரு எதிரி. எங்கள் கடைகளில் பாதிக்கு மேல் முன்பக்கம் முழுவதும் திறந்தவை. பின்னேர வெயில் நேரே மேசையில் விழுந்தால், திரும்பி வரும் சிவப்பு ஒளி அந்த வெளிச்சத்தில் அமுங்கிவிடும். காலையில் நன்றாக வேலை செய்து பின்னேரம் தகராறு செய்கிற ஸ்கானரைப் பழுதுபார்க்கக் கொடுக்குமுன் மேசையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

கருவியில் மூன்று வகை. லேசர், ஒரு வரி மட்டும் பார்க்கும் எல்இடி வகை, படம் பிடித்து வாசிக்கும் இமேஜர். இப்போது புதிதாக வாங்குவதென்றால் இமேஜரே நல்லது. கியூஆரையும் வாசிக்கும், கைத்தொலைபேசித் திரையில் காட்டுவதையும் வாசிக்கும். லேசருக்குத் திரை சரிவராது. ஆனால் இமேஜரில் ஒரு தொல்லை. பக்கெற்றில் பார்கோட்டுக்குப் பக்கத்திலேயே விளம்பரத்துக்கான கியூஆர் இருந்தால், எது முதலில் கண்ணில் பட்டதோ அதை வாசித்து, இலக்கத்துக்குப் பதிலாக ஒரு நீண்ட இணைய முகவரியைப் பில்லுக்குள் அடித்துவிடும். கடையில் கியூஆர் வாசிக்கும் தேவை இல்லையென்றால் கருவியோடு வந்த கைநூலில் அதை நிறுத்துவதற்கென்று அச்சடித்த பார்கோட்டைத் தேடி, அதையே ஸ்கானரால் ஒருமுறை வாசித்துவிடுங்கள். 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் காட்டி வரிசையில் நின்ற பிறகு கியூஆர் என்றால் எல்லோருக்கும் தெரியும். கடை மேசையில் காசு கட்டுவதற்காக ஒட்டியிருக்கும் லங்காகியூஆர் வேறு விஷயம். அதை வாடிக்கையாளர் தன் தொலைபேசியால் வாசிக்கிறார். கடை ஸ்கானருக்கு அங்கே வேலையில்லை.

கணினியைப் பொறுத்தவரை ஸ்கானர் என்பது வேகமாகத் தட்டும் ஒரு கீபோர்ட். யூஎஸ்பியில் சொருகியதும் தன்னைக் கீபோர்ட் என்றே அறிமுகப்படுத்திக்கொள்ளும். சோதனைக்கு நோட்பாட்டைத் திறந்து ஒரு சவர்க்காரக் கட்டியை வாசியுங்கள். இலக்கம் விழுந்து கேர்சர் அடுத்த வரிக்குப் போனால் எல்லாம் சரி. அதே வரியில் நின்றால் இலக்கத்தின் பின் "என்டர்" அனுப்பும் அமைப்பு இல்லை. கைநூலில் அதற்கும் ஒரு கோடு இருக்கும். இதைச் செய்யாமல் விட்டால் இரண்டு சாமானின் இலக்கங்கள் ஒட்டி 26 இலக்கமாக வந்து நிற்கும்.

கீபோர்ட் என்பதால் கேர்சர் எங்கே நிற்கிறதோ அங்கேதான் இலக்கம் விழும். காசாளர் எண்ணிக்கைப் பெட்டியில் கிளிக் செய்துவிட்டு அடுத்த சாமானை வாசித்தால், எண்ணிக்கை 4,79,000 கோடிக்கு மேல் என்று பில் எழும்பும். சிரிப்பாக இருக்கும், இருப்புக் கணக்கில் அது பதிவாகும் வரை. நல்ல மென்பொருளில் எண்ணிக்கைக்கு நான்கு இலக்கத்துக்கு மேல் ஏற்காதபடி கட்டுப்பாடு போடலாம். போட்டுவிடுங்கள். கணினியில் எழுத்து முறை தமிழில் நின்றால் இலக்கம் மட்டும் உள்ள கோடுகள் பெரும்பாலும் தப்பும். ஆங்கில எழுத்துக் கலந்த சொந்த லேபல்கள் தமிழ் எழுத்தாக விழும். கடையின் சொந்தக் குறியீடுகளை இலக்கமாக மட்டும் வைத்துக்கொள்ள இது ஒன்றே போதுமான காரணம்.

பக்கெற்றுகளில் நாம் காண்பது பெரும்பாலும் இஏஎன்-13 என்ற 13 இலக்கப் பார்கோட். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து ட்ரோய் நகரில் 1974 யூன் 26 அன்று ஒரு சூயிங்கம் பக்கெற்றை வாசித்துத் தொடங்கிய 12 இலக்க முறையை விரித்து ஐரோப்பாவில் உருவாக்கியது. கோடுகளை உற்றுப் பார்த்தால் ஒரு வேடிக்கை. கீழே 13 இலக்கம் அச்சாகியிருக்கும். கோடுகள் 12க்குத்தான் இருக்கும். இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஆறு. முதல் இலக்கத்துக்குத் தனிக் கோடு கிடையாது. இடப்பக்கத்து ஆறு இலக்கங்களையும் இரண்டு பாணிகளில் வரையலாம். எந்த இடத்தில் எந்தப் பாணி என்ற ஒழுங்கே முதல் இலக்கத்தைச் சொல்கிறது. வலப்பக்கம் எப்போதும் மூன்றாவது பாணி. எந்தப் பக்கம் எந்தப் பாணி என்று பார்த்து, பக்கெற் தலைகீழாக இருப்பதையும் கருவி கண்டுபிடித்துவிடும். ஆகவே சாமானைத் திருப்பித் திருப்பிக் காட்டத் தேவையில்லை.

479 என்று தொடங்கினால் இலங்கையில் எடுத்த இலக்கம், 890 என்றால் இந்தியாவில் எடுத்தது. எடுத்த இடம்தான், பொருள் செய்த இடம் என்று அர்த்தமில்லை. 20 தொடக்கம் 29 வரை தொடங்குபவை கடைக்குள் மட்டும் பாவிப்பதற்கென்று ஒதுக்கப்பட்டவை. தராசிலிருந்து வரும் லேபல்கள் இந்த வகை. தொடக்கத்தில் சொன்னதற்கு இவை மட்டும் விலக்கு: நிறையோ விலையோ இலக்கத்துக்குள்ளேயே இருக்கும்.

கருவாட்டை எடுத்துக்கொள்வோம். லேபல் அடிக்கும் தராசில் 1.250 கிலோ வைத்தால் 2112345012506 என்று வரலாம். முதல் இரண்டு இலக்கம் நிறை லேபல் என்பதற்கு, அடுத்த ஐந்து பொருளின் எண், அடுத்த ஐந்து 01250 கிராம், கடைசி 6 சோதனை இலக்கம். அந்த 6 எப்படி வந்தது? இடமிருந்து ஒற்றை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 17. இரட்டை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 9, அதன் மும்மடங்கு 27. இரண்டும் சேர்ந்து 44. அடுத்த பத்தான 50க்கு 6 குறைவு. கருவி ஒவ்வொரு வாசிப்பிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே பீப் போடுகிறது. கையால் தட்டும்போது ஒரு இலக்கம் பிழைத்தால் இது நிச்சயம் பிடிக்கும். அடுத்தடுத்த இரண்டு இலக்கம் இடம் மாறினாலும் பிடிக்கும். 1உம் 6உம், 2உம் 7உம் போல ஐந்து வித்தியாசமுள்ள சோடி மட்டும் நழுவிவிடும்.

தராசு லேபலில் வழக்கமாக நடக்கும் பிழை வேறு. தராசு நிறையை எழுதுகிறது, பில் மென்பொருளோ அந்த இடத்தில் விலை இருப்பதாக நினைக்கிறது. அப்போது 01250 என்பது 12 ரூபாய் 50 சதம் ஆகிவிடும். ஒன்றேகால் கிலோ கருவாடு பன்னிரண்டரை ரூபாய்க்குப் போகும், காசாளர் அவசரத்தில் கவனிக்கமாட்டார். தராசு பொருத்திய அன்றே 500 கிராம், 1 கிலோ, 2.250 கிலோ என்று மூன்று லேபல் அடித்து, பில்லோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் விற்பனை தொடங்க வேண்டும்.

இனிச் சொந்தமாக லேபல் அடிப்பது. கட்டிய பருப்பு, சீனி, பனங்கட்டி, ஒடியல் மா, அயலில் பெண்கள் குழுக்கள் செய்து கொண்டுவரும் அரிசிமா, வடகம் என்று கோடே இல்லாத சாமான் எங்கள் கடைகளில் நிறைய. மலிவான லேபல் பிறிண்டர் பெரும்பாலும் அங்குலத்துக்கு 203 புள்ளி. அதாவது மில்லிமீற்றருக்கு 8 புள்ளி. ஒரு புள்ளி 0.125 மில்லிமீற்றர். அரைப் புள்ளி அடிக்க அதற்குத் தெரியாது. ஆகவே மிக மெல்லிய பட்டையின் அகலம் 2 புள்ளி, அல்லது 3 புள்ளி. இடையில் எதுவும் இல்லை.

இப்போது கணக்கு. மிக மெல்லிய பட்டையின் அகலத்தை ஓர் அலகு என்று கொள்வோம். இஏஎன்-13க்குக் கோடுகளுக்கு 95 அலகு, இடப்பக்க வெற்றிடம் 11, வலப்பக்கம் 7, ஆக 113 அலகு. 3 புள்ளியில் அடித்தால் 42 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். சந்தையில் கிடைக்கும் 38 மில்லிமீற்றர் ஸ்ரிக்கரில் அது கொள்ளாது. 2 புள்ளியில் அடித்தால் 28 மில்லிமீற்றர், கொள்ளும். ஆனால் மெல்லிய பட்டை 0.25 மில்லிமீற்றர் ஆகிவிடும். நியமத்தின்படி வழமையான அகலம் 0.33, அதன் 80 வீதமான 0.264க்குக் கீழே போகக்கூடாது. சொந்தக் கடை ஸ்கானர் அதையும் வாசித்துவிடும். வெளிக் கடைக்கு அனுப்பும் பொருளுக்கு அது காணாது. இதைப் பார்க்காமல் கணினித் திரையில் படத்தை இழுத்துச் சுருக்கி ஸ்ரிக்கருக்குள் திணிப்பவர்களின் கோடு 2.4 புள்ளி, 2.7 புள்ளி என்று விழுந்து, பிறிண்டர் ஒன்றை 2 ஆகவும் மற்றதை 3 ஆகவும் அடித்துவிடும். விகிதம் கெட்டால் வாசிப்பும் கெட்டது. கண்ணுக்கு அழகான பார்கோட். கருவிக்கு வெறும் கிறுக்கல்.

கடைக்குள் மட்டும் பாவிக்க இஏஎன்-13 எதற்கு? ஆறு இலக்கக் குறியீட்டைக் கோட் 128 என்ற இன்னொரு வகைப் பார்கோட்டில், இலக்கங்களைச் சோடியாக அடைக்கும் சி முறையில் அடியுங்கள். 68 அலகு, இரு பக்கமும் பத்துப் பத்து வெற்றிடம், மொத்தம் 88. 3 புள்ளியில் சரியாக 33 மில்லிமீற்றர். 38 மில்லிமீற்றர் ஸ்ரிக்கரில் தடித்த, தெளிவான கோடு. இலக்கத்தை இரட்டை எண்ணிக்கையில் வைத்தால்தான் இந்தச் சிக்கனம் கிடைக்கும். ஐந்து, ஏழு வேண்டாம்.

வெற்றிடத்தைக் குறைக்க எல்லோருக்கும் ஆசை வரும். கடையின் பெயரைக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிப் போடுவார்கள், அல்லது ஸ்ரிக்கர் வெட்டும்போது ஓரம் போய்விடும். கோடு எங்கே தொடங்குகிறது என்று கருவிக்குச் சொல்வதே அந்த வெறுமைதான். கோட்டின் உயரத்தைக் குறைக்கலாம். பக்க வெற்றிடத்தில் கை வைக்கக் கூடாது.

வெப்பத்தால் நேரடியாகக் கறுக்கும் ஸ்ரிக்கர் மலிவு, மை ரிபன் தேவையில்லை. எங்கள் வெயிலுக்கு அது நம்பத்தக்கதல்ல. வாகனத்தின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்ட றோல் முழுவதும் சாம்பல் பூத்துவிடும். தேங்காய் எண்ணெய் பட்டால் எழுத்து மறையும், கருவாட்டு எண்ணெய் பட்டாலும் மறையும். ஒரு கிழமையில் விற்றுத் தீரும் சாமானுக்கு அது போதும். மாதக்கணக்கில் தட்டில் நிற்பவைக்கு ரிபன் போட்டு அடிப்பதே நல்லது. மங்கிய லேபலைக் காப்பாற்ற மேலே செலோரேப் ஒட்டினால் பளபளப்பு ஒளியை அப்படியே திருப்பி அடிக்கும். அப்படி ஏற்கெனவே ஒட்டியிருந்தால் ஸ்கானரை நேர் எதிரே பிடிக்காமல் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். குளிர்ந்த சோடாப் போத்தலில் நீர் முத்துகள் இருந்தால் துடைத்துவிட்டு வாசியுங்கள். ஒடுக்கமான போத்தலுக்குச் சொந்த லேபல் ஒட்டும்போது கோடுகள் ஏணிப்படி மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக வரவேண்டும். நிமிர்த்தி ஒட்டினால் ஓரத்துக் கோடுகள் வளைவில் ஒளிந்துவிடும்.

அடித்த லேபல்களில் ஒரே இடத்தில் மெல்லிய வெள்ளைக் கீறு நீளத்துக்கு வந்தால் பிறிண்டர் தலையில் ஒரு புள்ளி அழுக்கு, அல்லது இறந்துவிட்டது. பிறிண்டரை நிறுத்தி ஆறவிட்டு, ஐசோபுறோப்பைல் அற்ககோல் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். கத்தி, நகம், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். துடைத்தும் போகாவிட்டால் லேபலில் கோட்டை 90 பாகை திருப்பி அடிக்கலாம். அப்போது கீறு எல்லாக் கோடுகளையும் குறுக்கே வெட்டிப்போகும். ஒரு தனிக் கோட்டை விழுங்காது. புதுத் தலை வரும்வரை வேலை ஓடும்.

அடுத்தது விலை. எல்லாவற்றிலும் சண்டை வருவது இதில்தான்.

ஒரே பால்மா, ஒரே நிறை, ஒரே பார்கோட். பழைய சரக்கில் அச்சடித்த விலை ஒன்று, புதிய சரக்கில் இன்னொன்று. விலை மாறினால் இலக்கம் மாறாது, அதுவே முறை. 2022இல் ரூபாய் விழுந்து விலை அடிக்கடி ஏறியபோது ஒரே தட்டில் மூன்று விலை நின்ற கடைகள் உண்டு. கணினியில் ஒரு இலக்கத்துக்கு ஒரு விலைதான் என்று இருந்தால், புது விலையைப் பதிந்த நிமிடத்திலிருந்து பழைய பக்கெற்றும் புது விலைக்கே பில் ஆகும். பக்கெற்றில் குறித்த ஆகக்கூடிய சில்லறை விலைக்கு மேல் விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் வருகிற குற்றம். "கொம்பியூட்டர் அப்பிடித்தான் காட்டுது" என்பது அங்கே பதிலாகாது.

ஆகவே மென்பொருள் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: ஒரே பார்கோட்டுக்கு இரண்டு விலை வைக்க முடியுமா? முடிந்தால், வாசித்ததும் சின்னப் பெட்டி ஒன்று திறந்து இரண்டு விலையையும் காட்டும். காசாளர் பக்கெற்றைப் பார்த்துத் தெரிவு செய்வார். நொடி இரண்டு கூடப் போகும், பரவாயில்லை. முடியாதென்றால் பழைய சரக்குத் தீரும்வரை பழைய விலையிலேயே பட்டியலை விடுங்கள், புதுச் சரக்கைப் பின்னால் அடுக்குங்கள். நட்டம் வந்தால் அது சில பக்கெற்றுகளோடு போய்விடும்.

பெட்டியும் தனிச் சாமானும் இன்னொரு குழப்பம். 24 சோடா உள்ள பெட்டிக்கு 14 இலக்கத்தில் தனிக் கோடு இருக்கும், தடித்த சட்டத்துக்குள். வவுனியாவிலிருந்து லொறி வந்து இறக்கும்போது பெட்டியை வாசித்து "1" என்று பதிந்தால் இருப்பில் ஒன்றுதான் ஏறும். விற்பனையில் 24 போகும். மாத முடிவில் இருப்பு மறையில் நிற்கும். பெட்டிக் கோட்டைத் தனி வரியாகப் பதிந்து, ஒன்று என்றால் 24 என்று மென்பொருளில் ஒருமுறை சொல்லிவைத்தால் போதும்.

பாண், முட்டை, தேங்காய், வெற்றிலை, தனியாகக் கிழித்துக் கொடுக்கும் ஷாம்பு பக்கெற் இவற்றுக்குக் கோடு ஒட்டிக்கொண்டிருக்க முடியாது. ஒரு தாளில் பெயரும் கோடுமாக அடித்து மேசையில் வைத்து, அதை வாசிப்பதுதான் எல்லா இடத்திலும் வழக்கம். கோட்டுக்குக் கோடு இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் பாணை வாசிக்கப் போய் முட்டை விழும். லமினேற் செய்வதென்றால் பளபளப்பில்லாத உறை.

அயலில் செய்து வெளியூர்ச் சந்தைக்கு அனுப்ப நினைப்பவர்கள் இணையத்தில் இலவசமாகக் கோடு உருவாக்கி, வாய்க்கு வந்த 479 இலக்கத்தைப் போட வேண்டாம். கோடு வாசிக்கும், பீப்பும் கேட்கும். ஆனால் அந்த இலக்கம் வேறொரு கம்பனியின் விசுக்கோத்தாக இருக்கலாம். இலக்கத்தை, பார்கோட் இலக்கங்களை வழங்கும் ஜிஎஸ்1 அமைப்பின் இலங்கைக் கிளையில் பதிந்து எடுக்க வேண்டும். 100 கிராமுக்கு ஒன்று, 250 கிராமுக்கு வேறொன்று. விலையை மாற்றினால் பழைய இலக்கமே. நிறையை 100இலிருந்து 90 ஆக்கினால் புதிய இலக்கம். கைவிட்ட பொருளின் இலக்கத்தை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது.

பட்டியலை எக்செலில் தயாரிப்பவர்கள் கவனிக்க: 13 இலக்கத்தை ஒட்டினால் அது 4.79E+12 என்று சுருக்கிக் காட்டும், சுழியத்தில் தொடங்கும் இலக்கத்தின் முதல் சுழியத்தைத் தின்றுவிடும். ஒட்டுவதற்கு முன்பே அந்த நிரலை "ரெக்ஸ்ட்" என்று மாற்றுங்கள். ஒட்டிய பிறகு மாற்றினால் போன சுழியம் திரும்பாது. பில்லில் தமிழ்ப் பெயர் வேண்டுமென்றால் இன்னொரு செய்தி: பில் பிறிண்டர்களில் தமிழ் எழுத்து வழக்கமாக உள்ளே இருப்பதில்லை. மென்பொருள் அதைப் படமாக அனுப்ப வேண்டும். கொஞ்சம் மெதுவாக அடிக்கும். அனுப்பத் தெரியாத மென்பொருளில் கேள்விக்குறிகளாக விழும்.

கருவியின் பராமரிப்பு சொற்பம். கண்ணாடியில் படியும் புழுதியை மெல்லிய துணியால் துடைத்தால் போதும். மணல் இருந்தால் முதலில் ஊதிவிடுங்கள், அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும். வேலை செய்யாமல் போகும் வயர்க் கருவிகளில் அநேகமானவை பழுதானவையல்ல. வயர் கைப்பிடிக்குள் போகிற இடத்தில் வளைந்து வளைந்து உள்ளே அறுந்திருக்கும். பல மாதிரிகளில் கைப்பிடியின் அடியில் ஊசித் துளை ஒன்று இருக்கும். கடதாசிக் கிளிப்பை நிமிர்த்தி அதற்குள் அமுக்கினால் வயர் கழன்று வரும். வயர் மட்டும் தனியாக வாங்கலாம்.

கார்த்திகை மாரியில் இடி விழுந்து கணினி போனாலும் ஸ்கானர் அநேகமாகப் பிழைக்கும், பட்டியல் பிழைக்காது. கடை பூட்டுமுன் மென்பொருளின் காப்பு நகலை (பக்அப்) ஒரு பென்டிரைவில் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போங்கள். லாச்சிக்குள் விட்டால் கணினியோடு அதுவும் நனையும், திருடனோடு அதுவும் போகும்.